மெட்ராஸ் ரேடியோவும் கப்பல் தந்திகளும்: கரையோர வானொலி நிலையங்களை அறிந்தவர்கள் எழுதுங்கள்

சிம்மக்கல் எழுதியது:

மதுரையில் எங்கள் தெருவில் அப்பாவை ‘ரேடியோ ஸ்டேஷன்காரர்’ என்றுதான் சொல்வார்கள். சென்னையிலிருந்து விடுப்பில் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் நேயர் விருப்பத்தில் பாட்டுப் போடச் சொல்லிக் கேட்பார். அப்பா இருந்தது பாட்டுப் போடும் நிலையத்தில் இல்லை. தபால் தந்தித் துறையின் கரையோர வானொலி நிலையத்தில். கப்பல்களோடு மோர்ஸில், அதாவது புள்ளியும் கோடுமான தந்தி ஓசையில், பேசுகிற இடம் அது. பெயர் மெட்ராஸ் ரேடியோ, அழைப்புக்குறி வி.டபிள்யூ.எம். பம்பாய்க்கு வி.டபிள்யூ.பி., கல்கத்தாவுக்கு வி.டபிள்யூ.சி.

அவர் இப்போது இல்லை. பேரப்பிள்ளைகள் தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று கேட்கிறார்கள். இணையத்தில் தேடினால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்படி வேலை பார்த்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். நம் நிலையங்களைப் பற்றித் தமிழில் ஒன்றும் கண்ணில் படவில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

அப்பா சொல்லித் தெரிந்தவரை, அந்த வேலையில் பெரும்பகுதி கேட்பது. காதில் ஹெட்போன், கையில் பென்சில், 500 கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொரு மணிக்கும் கால் மணியிலும் முக்கால் மணியிலும் மூன்று மூன்று நிமிடம் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எந்தக் கப்பலும், எந்தக் கரையும் அப்போது மோர்ஸ் தட்டும் சாவியைத் தொடக் கூடாது. எங்காவது பலம் குன்றிய ஒரு கப்பல் ஆபத்தில் கூப்பிட்டால் அந்த மூன்று நிமிடத்திலாவது அது காதில் விழ வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை என்றாலும் அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

“ஒண்ணும் கேக்கலைன்னு எழுதவா சம்பளம்?” என்று சித்தப்பா ஒரு முறை கேட்டார். “கேட்டுவிட்டுத்தானே எழுதுகிறேன்” என்றார் அப்பா. அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

——

திருப்பாலை சிற்றலை எழுதியது:

அண்ணே, நல்ல இழை. நான் அமெச்சூர் வானொலிக்காரன், கடலில் வேலை பார்த்தவன் இல்லை. தொழில்நுட்பம் மட்டும் சொல்கிறேன், மற்றதை அனுபவஸ்தர்கள் சொல்லட்டும்.

நீங்கள் சொன்ன மௌன நேரத்துக்கென்றே தனிக் கடிகாரம் உண்டு. கப்பலின் வானொலி அறைச் சுவரில் இருக்கும். அதன் முகத்தில் 15 முதல் 18 நிமிடம் வரையும் 45 முதல் 48 வரையும் சிவப்பு. அது 500 மோர்ஸுக்கு. மணி தொடங்கும் முதல் மூன்று நிமிடமும் 30 முதல் 33 வரையும் பச்சை. அது 2182 கிலோஹெர்ட்ஸ் பேச்சு அலைவரிசைக்கு. முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே போதும்.

500 போன்ற நடுத்தர அலை கடலுக்கு மிகப் பொருத்தம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் அலை கடல் பரப்பை ஒட்டிப் பகலிலேயே சில நூறு கிலோமீட்டர் போய்விடும். அதே அலை கரையேறி நம்மூர்ப் பக்கத்துக் காய்ந்த தரையில் ஓடினால் சீக்கிரமே தேய்ந்துவிடும். நிலையங்களைக் கரையை ஒட்டியே வைத்ததற்கு இது முக்கியமான காரணம். இன்னும் தூரத்தில் உள்ள கப்பல்களுக்கு 4, 6, 8, 12, 16, 22 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் சிற்றலை. அவற்றை மதுரையில் உட்கார்ந்துகொண்டே கேட்கலாம். நான் மோர்ஸ் பழகியதே அப்படித்தான். தந்தி இல்லாத நேரத்தில் நிலையங்கள் ‘வி வி வி’ என்று தட்டிவிட்டுத் தங்கள் அழைப்புக்குறியைத் திரும்பத் திரும்ப ஓடவிடும். கப்பல்காரர் அதைக் கேட்டு எந்த அலைவரிசை தெளிவாக வருகிறது என்று பார்த்துக்கொள்வார்.

ஆட்டோ அலாரம் என்றும் ஒன்று உண்டு. நான்கு விநாடி நீளமுள்ள 12 கோடுகள், ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு விநாடி இடைவெளி, மொத்தம் ஒரு நிமிடம். எஸ்.ஓ.எஸ். அனுப்புவதற்கு முன் இதை அனுப்பினால் கேட்கிற கப்பல்களில் கருவி தானாகவே மணியடிக்கும். தூங்கிக்கொண்டிருக்கும் ரேடியோ ஆபீசரின் அறையிலும் அடிக்கும்.

——

முத்துநகர் ஸ்பார்க்ஸ் எழுதியது:

தம்பி திருப்பாலை சரியாகச் சொல்லியிருக்கிறார். நான் தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது மகள் வீட்டோடு மதுரை வாசம். சிம்மக்கல் தம்பியின் அப்பா அனுப்பிய தந்தி என் பென்சிலிலும் விழுந்திருக்கலாம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எஸ்.ஓ.எஸ். பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். அது எப்போதோ வருவது. அன்றாடம் நடப்பது வேறு.

கரை நிலையம் குறித்த நேரங்களில் டிராபிக் லிஸ்ட் போடும். எந்தெந்தக் கப்பலுக்குத் தந்தி வந்து காத்திருக்கிறதோ அந்தக் கப்பல்களின் அழைப்புக்குறிகள் வரிசையாக வரும். நம்முடையது வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்போம். வந்தால் 500 இல் கூப்பிட வேண்டும். கரைக்காரர் ‘க்யூ.டி.சி. 2’ என்றால் நமக்கு இரண்டு தந்தி. ‘க்யூ.ஆர்.யூ.’ என்றால் ஒன்றுமில்லை. 500 என்பது கூப்பிடவும் ஆபத்துக்கும் மட்டும்தான். பதில் கிடைத்த உடனே இருவரும் வேறு அலைவரிசைக்கு நகர்ந்து அங்கே வேலையை முடிக்க வேண்டும். ஐந்தாறு கப்பல் ஒரே நேரத்தில் கூப்பிடும். கரைக்காரர் ஒவ்வொருவரையும் வரிசையில் நிறுத்தி, ‘நீ மூன்றாவது, காத்திரு’ என்று சொல்லி, சொன்னபடியே கூப்பிடுவார். அந்த ஒழுங்கை நான் வேறு எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

தந்திக்கு மூன்று கட்டணம். கப்பலுக்கு ஒன்று, கரை நிலையத்துக்கு ஒன்று, அங்கிருந்து ஊருக்குப் போகும் கம்பிக்கு ஒன்று. எல்லாம் சொல் கணக்கு, முகவரியும் கணக்கில் சேரும். மாலுமிகள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து என் அறை வாசலில் நின்று எழுதுவார்கள், அடிப்பார்கள், மறுபடி எழுதுவார்கள். பிள்ளை பிறந்த செய்தி, பணம் அனுப்பிய செய்தி, அம்மாவுக்கு உடம்பு எப்படி என்ற கேள்வி. இதையெல்லாம் அந்த மாலுமிக்கு முன்னாலேயே படித்துவிடும் ஆள் நான். எனக்கு முன்னால் படித்தவர் கரையில் இருந்தவர். இருவரும் வெளியே ஒரு சொல் சொல்ல மாட்டோம். சட்டமும் அதுதான், மரியாதையும் அதுதான்.

கரை ஆளின் முகம் தெரியாது. ஆனால் கை தெரியும். அடுப்படியில் பாத்திரம் வைக்கும் சத்தத்திலேயே வீட்டில் யார் என்று தெரிகிறதில்லையா, அந்த மாதிரி. ஒருவர் கோட்டைக் கொஞ்சம் இழுப்பார், இன்னொருவர் புள்ளிகளைச் சீராகக் கொட்டுவார். மெட்ராஸில் ஒருவர் இருந்தார், அக்டோபர், நவம்பர் இடி மின்னலில் வங்கக் கடல் முழுக்கப் படபடவென்று பொரியும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்து, முக்கியமான சொல்லை இரண்டு முறை தட்டுவார். கேட்காமலே செய்வார்.

மருத்துவ உதவி இன்னொன்று. சரக்குக் கப்பலில் டாக்டர் கிடையாது. ஒருவருக்குக் கடுமையான வயிற்று வலி என்றால் கரை நிலையம் வழியாகத்தான் டாக்டரிடம் கேட்போம். வலி வலப்பக்கமா, காய்ச்சல் எவ்வளவு, வாந்தி உண்டா என்று கேள்வி வரும். கேப்டன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார், நான் தட்டுவேன். இரவு முழுவதும் இப்படி ஓடியதுண்டு. அந்த நேரத்தில் கரை ஆபரேட்டர் பணிமுறை முடிந்தும் எழுந்து போகாமல் இருந்ததை நான் அறிவேன்.

——

அழகர்மலை எழுதியது:

அண்ணாச்சி, உங்கள் தந்தி வந்து சேர்ந்த பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன். எங்கள் ஊர் மேலூருக்குக் கிழக்கே. எங்கள் பெரிய மாமா கப்பலில் எஞ்சின் அறை வேலை. கடலுக்கும் எங்களுக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் இல்லை. சுற்றிலும் கண்மாயும் வயலும்தான்.

தந்திக்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினாலே பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொள்வார்கள். தந்தி என்றால் சாவுச் செய்தி என்று ஊருக்கே நினைப்பு. அத்தை உறையைப் பிரிக்காமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுவார். பள்ளிக்கூட வாத்தியார் வந்துதான் படிப்பார். ‘சிங்கப்பூர் சேர்ந்தேன், சுகம், பணம் அடுத்த வாரம்’, அவ்வளவுதான் இருக்கும். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதியும் ஒன்றிரண்டு வந்திருக்கின்றன. வழியில் எத்தனை பேர் கை மாறியதோ, அந்தத் தமிழ்ச் சொற்கள் எழுத்துப் பிசகாமல் வந்தன.

வீட்டில் யாரும் ‘இது எப்படி வந்தது’ என்று யோசித்ததில்லை. மாமா நடுக்கடலில் இருக்கிறார், காகிதம் மேலூரில் இருக்கிறது. இடையில் உங்களைப் போல ஒருவரும், சிம்மக்கல் தம்பியின் அப்பாவைப் போல ஒருவரும் இருந்திருக்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது. 2013 ஜூலை 15 அன்று தந்தி சேவையை நிறுத்தியபோது எல்லோரும் தபால் ஆபீஸைப் பற்றிப் பேசினார்கள். கடல் பக்கத்தை யாரும் பேசவில்லை. அத்தையின் தகரப் பெட்டியில் அந்தத் தந்திகள் இன்னும் இருக்கின்றன.

——

ஒத்தக்கடை எழுதியது:

எல்லாம் படித்தேன், மனதைத் தொடுகிறது. ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்து. நான் மின்னணுவியல் படித்தவன், வயதில் சின்னவன், அண்ணாச்சி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மனிதக் காதை நம்பியிருந்த காலத்தில்தானே டைட்டானிக் நடந்தது? 1912 ஏப்ரல் 14 இரவு, பக்கத்தில் நின்ற கலிபோர்னியன் கப்பல் பனிக்கட்டி பற்றி எச்சரித்தபோது, டைட்டானிக்கின் ஆபரேட்டர் ஜாக் பிலிப்ஸ் கேப் ரேஸ் கரை நிலையத்தோடு பயணிகளின் தந்திகளில் மும்முரமாக இருந்தார். குறுக்கே வராதே என்று சொல்லிவிட்டார். கலிபோர்னியனின் ஆபரேட்டர் கொஞ்ச நேரத்தில் கருவியை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார். மோதியது அதற்குச் சில நிமிடங்கள் கழித்து. தூரத்தில் இருந்த கார்பேத்தியா கப்பலின் ஆபரேட்டர் படுக்கப் போகிற நேரத்திலும் ஹெட்போனைக் கழற்றாமல் இருந்ததால்தான் 700-க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். உயிர் அப்படித் தற்செயலில் தொங்கலாமா?

1999 பிப்ரவரி 1 முதல் ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற உலகளாவிய கடல் ஆபத்து, பாதுகாப்புத் தகவல் முறை முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் கப்பலின் அடையாளமும் இடமும் போய்விடும். கப்பல் மூழ்கினாலும் மிதவைக் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளைக் கூப்பிடும். இயந்திரம் தூங்காது. பழைய முறையை நினைவில் வைப்பது நல்லது, ஆனால் அது போனதற்கு நாம் வருந்த வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

——

முத்துநகர் ஸ்பார்க்ஸ் எழுதியது:

பொறுத்துக்கொள்ள ஒன்றுமில்லை தம்பி, நியாயமான கேள்வி. டைட்டானிக்குக்குப் பிறகுதான் 24 மணி நேரக் காவல், ஆட்டோ அலாரம் எல்லாம் சட்டமாகின. ஒரே ஒரு ரேடியோ ஆபீசர் இருக்கும் கப்பலில் அவர் எட்டு மணி நேரம் கேட்பார், மிச்ச நேரத்துக்கு ஆட்டோ அலாரம். இயந்திரத்தை நாங்களும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்த மிதவைக் கருவியால் பிழைத்தவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

நான் சொல்ல விரும்புவது இதை. புதிய முறை வந்த பிறகு வருகிற ஆபத்து அறிவிப்புகளில் பெரும்பாலானவை தவறுதலானவை. யாரோ பொத்தானைத் தெரியாமல் அழுத்தியது, கருவியைச் சோதித்தது, இப்படி. ஒவ்வொன்றையும் உண்மையா என்று விசாரிக்கக் கடைசியில் ஒரு மனிதர்தான் உட்கார வேண்டியிருக்கிறது. ஆக, கேட்கும் ஆள் தேவையில்லாமல் போகவில்லை. கரையில் எங்கோ ஓர் அறைக்குள் அவர் இடம் மாறியிருக்கிறார். அந்த வேலைக்கு எப்படிப்பட்ட காதும் பொறுமையும் வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் பழைய ஆட்களின் அனுபவம் வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. ஜி.எம்.டி.எஸ்.எஸ். கட்டாயம் என்பது வெளிநாட்டுப் பயணம் போகும் பயணிகள் கப்பலுக்கும், 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பலுக்கும்தான். எங்கள் ஊர்த் தோணிக்காரர்களும் விசைப்படகுக்காரர்களும் அந்தக் கணக்கில் எங்கே வருகிறார்கள்?

——

பாம்பன் கரை எழுதியது:

அண்ணாச்சி கடைசியில் கேட்டதற்காகவே எழுதுகிறேன். நான் வேலைக்காக மதுரையில் இருக்கிறேன், வீட்டில் எல்லோரும் கடல் தொழில்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அடித்தபோது கம்பிகள் எல்லாம் அறுந்துபோயின. பாம்பனிலிருந்து கிளம்பிய 653 என்ற எண்ணுள்ள பயணிகள் ரயில் கடலோடு போன செய்தி வெளியே போய்ச் சேரவே தாமதமானது. எங்கள் தாத்தாக்கள் பேச்சில் அதுதான் திரும்பத் திரும்ப வரும். அடித்ததைவிட, யாருக்கும் சொல்ல முடியாமல் கிடந்ததுதான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி. ஆழ்கடலில் பல நாள் தங்கிப் பிடிக்கப் போன கன்னியாகுமரிப் படகுகளுக்குப் புயல் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. படகில் வி.எச்.எப். கருவி வைத்திருந்தவர்களும் உண்டு. ஆனால் அது ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகிற அலை. கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர் தாண்டினால் எட்டாது. மேலே திருப்பாலை அண்ணன் சொன்ன 500 ஏன் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போனது என்று படித்ததும் எனக்கு முதலில் இதுதான் தோன்றியது. போன உயிர்கள் சொந்தக்காரர்களுடையவை என்பதால் ஒத்தக்கடை தம்பியின் வாதத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. இயந்திரம் தூங்காது, சரி. அது இல்லாத படகில் என்ன செய்ய?

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. இஸ்ரோ வடிவமைத்த ஆபத்து எச்சரிக்கைக் கருவி படகுகளுக்கு வந்திருக்கிறது. கடலோரக் காவல் படையை 1554 என்ற எண்ணில் கூப்பிடலாம். பாம்பனில் கடல் ஓசை என்று 90.4 பண்பலையில் மீனவர்களுக்கான சமுதாய வானொலி இருக்கிறது. எங்கள் வீட்டில் காலையில் கடல் நிலவரம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. தமிழில், எங்கள் பேச்சில், எங்களுக்குத் தெரிந்த கடலைப் பற்றிச் சொல்கிறார்கள். நான் அதையும் கரையோர வானொலி நிலையம் என்றே எண்ணுகிறேன்.

——

தெப்பக்குளம் எழுதியது:

வரலாற்று ஆசிரியனாக ஒரு சேர்க்கை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்டது நமக்கெல்லாம் தெரியும். அந்தக் கப்பலின் கதையை முடித்து வைத்தது ஒரு கரை வானொலி நிலையம் என்பதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள்.

நவம்பர் 9 அன்று எம்டன் கொக்கோஸ் தீவுகளில் உள்ள டைரக்‌ஷன் தீவுக்கு வந்தது. அங்கிருந்த கடலடித் தந்திக் கேபிள் நிலையத்தையும் வானொலிக் கம்பத்தையும் நாசம் செய்வது நோக்கம். அடையாளம் தெரியாத கப்பல் வருவதைப் பார்த்த நிலையத்தார் உடனே செய்தியைத் தட்டிவிட்டார்கள். எம்டன் இரைச்சல் எழுப்பி மறைக்கப் பார்த்தும் செய்தி போய்விட்டது. படை ஏற்றிய கப்பல்களுக்குக் காவலாகப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி திரும்பி வந்து அன்றைக்கே எம்டனை முடக்கியது. கரையிறங்கியவர்கள் நிலையத்தை உடைத்தார்கள். ஆனால் அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

நம் பாடப்புத்தகங்களில் குண்டு விழுந்த எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. அந்த ஆபரேட்டர்களும் இருந்தால் நன்றாக இருக்கும்.

——

திருப்பாலை சிற்றலை எழுதியது:

தெப்பக்குளம் ஐயா சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். மோர்ஸ் முடிந்த விதமும் பதிவாக வேண்டியது. 1997 ஜனவரி 31 அன்று பிரான்ஸ் தன் கரை நிலையங்களின் மோர்ஸ் சேவையை நிறுத்தியபோது, ‘எல்லோருக்கும் அழைப்பு. நிரந்தர மௌனத்துக்கு முன் இது எங்கள் கடைசிக் குரல்’ என்று அனுப்பி முடித்தார்கள். அமெரிக்காவில் வணிக மோர்ஸ் 1999 ஜூலை 12 அன்று நின்றது. அங்கே சான் பிரான்சிஸ்கோ பக்கம் கே.பி.எச். என்ற பழைய நிலையத்தை ஆர்வலர்கள் பழுது பார்த்து, ஆண்டுதோறும் அதே ஜூலை 12 அன்று மறுபடி ஒலிபரப்புகிறார்கள். பழைய ஆபரேட்டர்கள் வந்து சாவியில் உட்காருகிறார்கள்.

மோர்ஸ் போனாலும் இந்தத் திறமை வீணாகவில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது அமெச்சூர் வானொலிக்காரர் பாரதி பிரசாத் தம் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். வேறு வேலையாகப் போனவர்கள், அன்றைக்கே கருவியை ஆபத்துச் செய்திகளுக்குத் திருப்பி அந்தமானுக்கும் இந்திய நிலப்பகுதிக்கும் இடையே தகவல் கொடுத்தார்கள்.

——

சிம்மக்கல் எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொருவருக்கும் நன்றி.

அண்ணாச்சி, இடி நேரத்தில் வேகத்தைக் குறைத்துத் தட்டியவர் என் அப்பாவா என்று தெரியாது, அப்படித்தான் என்று சொல்லிக்கொள்ளவும் மாட்டேன். அங்கே அப்படிப் பலர் இருந்திருப்பார்கள். அப்பா சொன்ன இன்னொன்று நினைவுக்கு வருகிறது. தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் வாரங்களில்தான் அவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. வாழ்த்துத் தந்திகள் குவியும். வீட்டுக்குத் தீபாவளிக்கு வராதவர் மற்றவர்களின் தீபாவளி வாழ்த்தை அனுப்பிக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு அதில் வருத்தம் இருந்தது, இப்போதும் உண்டு. அதையும் எழுதித்தான் வைக்க வேண்டும்.

என்னிடம் அவருடைய மோர்ஸ் சாவியும், கையெழுத்தில் சில குறிப்பு நோட்டுகளும் இருக்கின்றன. செய்யக்கூடியது என்று எனக்குத் தோன்றுவது: அண்ணாச்சி போன்றவர்கள் பேசுவதைக் குரலாகப் பதிந்து வைப்பது, அழகர்மலை அக்கா வீட்டுத் தந்திகளை ஸ்கேன் செய்வது, தெப்பக்குளம் ஐயா பள்ளியில் ஒரு நாள் சாவியை வைத்துச் செய்து காட்டுவது. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்தி மியூசியம் வளாகத்தில் காலை பத்து மணிக்குச் சந்திக்கலாமா? பாம்பன் தம்பி ஊரிலிருந்து யாரையாவது அழைத்து வந்தால் மிகவும் நல்லது.

——

அழகர்மலை எழுதியது:

நான் வருகிறேன் தம்பி. தந்திகளை அத்தை கையை விட்டுக் கொடுக்க மாட்டார், அதனால் அவரையே கூட்டி வருகிறேன். அண்ணாச்சியைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

——

ஒத்தக்கடை எழுதியது:

நானும் வருகிறேன், குரல் பதிவுக் கருவி என்னிடம் இருக்கிறது. பாம்பன் அண்ணன் கேட்ட கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. சிறிய படகுக்கு மலிவாக எட்டக்கூடிய கருவி என்ன என்பதை நேரில் பேச வேண்டும். அண்ணாச்சி, மோர்ஸ் பழக எங்கே தொடங்குவது?

——

முத்துநகர் ஸ்பார்க்ஸ் எழுதியது:

அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள் தம்பி. புள்ளி, கோடு என்று கண்ணால் படித்தவன் நிமிடத்துக்கு ஐந்தாறு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்பான். எங்கள் இரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கே நிமிடத்துக்கு 20 சொல் எடுக்க வேண்டும், பொருளில்லாத எழுத்துக் கூட்டங்களான குறியீட்டுத் தொகுதி என்றால் 16. முதலில் இரண்டே எழுத்து. முழு வேகத்தில், ஓசையாக மட்டும் கேளுங்கள். பத்தில் ஒன்பது சரியாக வந்த பிறகு மூன்றாவது எழுத்து. தினம் கால் மணி நேரம் போதும். எழுதும்போது கை ஒன்றிரண்டு எழுத்து பின்னால் வரட்டும், விரட்டிப் பிடிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என் பழைய சாவியையும் பஸ்ஸரையும் எடுத்து வருகிறேன். 9 வோல்ட் பேட்டரி ஒன்று மட்டும் நீங்கள் வாங்கி வாருங்கள்.